முதல் பல்பு கரண்டைத் தின்றுவிடுமா? ஃபெட் சிமுலேஷன்கள் பற்றி

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பேட்டரி, அதோடு தொடராக இரண்டு பல்பு. எது நன்றாக எரியும்? "முதல் பல்புதான் மிஸ், அது எடுத்தது போக மிச்சம்தான் அடுத்ததுக்கு வரும்" என்பார்கள் நிறையப் பேர். தொடர் சுற்றில் மின்னோட்டம் எங்கும் சமம் என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையும் இதையேதான் சொல்லும். காரைக்குடியில் வீட்டு மாடியில் அறிவியல் ட்யூஷன் எடுக்கிறேன். இந்த நினைப்பைக் கலைக்க எனக்குக் கிடைத்த கருவிகளில் ஃபெட் போல எதுவும் உதவியதில்லை.

ஃபெட் என்பது அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் சிமுலேஷன் தொகுப்பு, அதாவது திரையிலேயே நாமாகச் செய்து பார்க்கும் பரிசோதனைகள். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிவைத்தது. நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' பக்கத்தில் இதன் இணைப்புகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பலரும் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதுதான் வருத்தம்.

மின்சுற்று சிமுலேஷனையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தொகுப்பிலேயே சிறந்தது அதுதான். இடப்பக்கம் கம்பி, பேட்டரி, பல்பு, மின்தடை, ஸ்விட்ச் எல்லாம் இருக்கும். விரலால் இழுத்துப் போட்டு முனையோடு முனை சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். தப்பாகச் சேர்த்துவிட்டால் இணைப்பைத் தொட வேண்டும், ஒரு கத்தரிக்கோல் வரும், வெட்டிவிடலாம். பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம். ஒரு பல்பைச் சேர்த்து அம்மீட்டரின் வட்ட முனையைக் கம்பி மேல் வைத்தால் 0.90 ஆம்பியர் காட்டும். இரண்டாவது பல்பைத் தொடராகச் சேர்ப்பதற்கு முன்னால் நான் நிறுத்திவிடுவேன். யார் யார் என்ன நினைக்கிறீர்கள், நோட்டில் எழுதுங்கள் என்பேன். எழுதிய பிறகுதான் சேர்க்க விடுவேன்.

இரண்டு பல்பும் ஒரே அளவு மங்கும். மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தால் 0.45. இரண்டுக்கும் நடுவில் 0.45. கடைசியில் பேட்டரிக்குத் திரும்பும் கம்பியிலும் 0.45. ஒரு பையன் மீட்டரைக் கம்பி நெடுக நகர்த்திக்கொண்டே போனான், எங்கேயாவது குறைந்துவிடாதா என்று. குறையவில்லை. அப்புறம் அவனே பேட்டரியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பார்த்தான். வீடியோவில் இது நடக்காது. வீடியோ அவனுக்குப் பதில் சொல்லிவிடும், அவனாகத் தேட விடாது. மாதக் கட்டணம் வாங்கும் ஒரு செயலியை வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்த பெற்றோர் சிலரைத் தெரியும். படம் அழகாக ஓடுகிறது, பிள்ளை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எலெக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்வது இன்னொரு பெரிய வரம். ஸ்விட்ச் போட்டதும் எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் கிளம்பும், பல்பு உடனே எரியும். ஒரு மாணவி கேட்டாள்: "பேட்டரிகிட்ட இருக்கிற எலெக்ட்ரான் இன்னும் பல்புக்கே போய்ச் சேரல மிஸ், அதுக்குள்ள எப்படி எரியுது?" இந்தக் கேள்வியைக் கரும்பலகை வரவழைத்து நான் பார்த்ததில்லை. தேர் வடத்தைச் சொன்னேன்: முன்னால் இழுக்கிறவர் கை தேர் வரை போக வேண்டியதில்லை, வடம் முழுவதும் சேர்ந்தே நகர்கிறது. நிஜக் கம்பியில் எலெக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரையில் பார்க்கும் வேகத்தை அவர்கள் அப்படியே நம்பிவிடக்கூடாது.

அங்கேதான் இந்தக் கருவியின் எல்லையும் இருக்கிறது. ஃபெட்டின் உலகம் ரொம்பச் சுத்தமானது. கம்பி லூஸாகாது, செல் தீராது. டார்ச் பல்பின் இழை சூடானால் மின்தடை ஏறும். திரையில் உள்ள சாதாரண பல்பு எப்போதும் பத்து ஓமில் நிற்கும். பேட்டரியின் அக மின்தடையும் நாமாகக் கூட்டாதவரை பூஜ்யம்தான். அதனால் திரையை மூடியதும் இரண்டு செல், இரண்டு டார்ச் பல்பு, வயர்த் துண்டுகளை மேஜையில் வைத்துவிடுவேன். நிஜ பல்புகள் இரண்டும் கொஞ்சம் வித்தியாசமாக எரியும். உடனே "பாத்தீங்களா மிஸ், முதல் பல்பு!" என்று குரல் வரும். பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொல்வேன். வித்தியாசம் பல்போடு சேர்ந்து இடம் மாறும். அந்த நிமிடத்தில்தான் பாடம் முழுதாக உள்ளே போகிறது. ஷார்ட் சர்க்யூட் மட்டும் திரையோடு சரி. அங்கே தீ எரிந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், யாருக்கும் ஆபத்தில்லை. சுவர் பிளக் பக்கம் ஒரு வயரும் போகக்கூடாது என்பதை அந்தத் தீயைக் காட்டியே சொல்லிவிடலாம்.

கொலராடோவில் இந்த மின்சுற்று சிமுலேஷனை வைத்து ஓர் ஆய்வு செய்து 2005-ல் வெளியிட்டார்கள். நிஜக் கருவியில் ஆய்வகம் செய்த மாணவர்களைவிட சிமுலேஷனில் செய்தவர்கள் கருத்துக் கேள்விகளில் முந்தினார்கள், நிஜச் சுற்றை அமைப்பதிலும் முந்தினார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வயரின் பிளாஸ்டிக்கைச் சீவி, செம்பைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும் என்பதே என் கட்சி.

அடுத்தது ஊசல். இரண்டு ஊசலை ஒரே நீளத்தில் தொங்கவிட்டு, ஒன்றின் எடையை மட்டும் கூட்டி ஒன்றாக ஆட்டிவிடலாம். இரண்டும் சேர்ந்தே ஆடும். நிலா, வியாழன் என்று இடத்தையும் மாற்றலாம். ஒரு மீட்டர் ஊசல் பூமியில் ஓர் அலைவுக்கு 2 விநாடி எடுக்கும், நிலாவில் கிட்டத்தட்ட 5. கோணத்தை 90 டிகிரிக்கு இழுத்து விட்டால் பூமியிலேயே 2.4 விநாடியை நெருங்குகிறது. சின்னக் கோணத்துக்கு மட்டுமே பொருந்தும் சூத்திரத்தில் அடைத்துவிடாமல் நிஜம் போலவே செய்திருக்கிறார்கள், அதற்காக அவர்களைக் கும்பிடலாம். ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நூல் கட்டிப் பூட்டைத் தொங்கவிட்டுப் பத்து அலைவை போனில் அளந்தால், இங்கேயும் இருபது விநாடியை ஒட்டி வருகிறது. 'கோள் எக்ஸ்' என்று ஒன்று உண்டு, அதன் ஈர்ப்பு முடுக்கத்தைச் சொல்ல மாட்டார்கள். பத்தாம் வகுப்புக்குச் சூத்திரத்தைக் கொடுத்து அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு மாலை முழுக்க ஓடிவிடும்.

பலூனை ஸ்வெட்டரில் தேய்க்கும் நிலைமின்னியல் சிமுலேஷன் ஆறாம் வகுப்புக்கே புரியும். அணு உருவாக்குவதில் மட்டும் எனக்குத் தயக்கம். புரோட்டானைச் சேர்க்கச் சேர்க்கத் தனிமத்தின் பெயர் மாறுவது அருமை, ஆனால் உட்கரு அணுவின் நடுவில் எலுமிச்சம்பழம் மாதிரி பெரிதாகத் தெரிகிறது. நிஜத்தில் அணுவின் அகலத்தில் அது பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இதைச் சொல்ல ஆள் பக்கத்தில் இல்லாமல் சின்னப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.

போனில் ஓடும், ஆனால் சின்னத் திரையில் கம்பி முனைகளைச் சேர்ப்பதற்குள் பிள்ளை சலித்துவிடும். டேப்லெட் நல்லது. நான் பழைய லேப்டாப்பை டிவியில் இணைத்து, மவுஸை ஆளுக்கு ஒருமுறை கொடுக்கிறேன். ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், பிறகு இணையம் தேவையில்லை. பழைய ஜாவா சிமுலேஷன்கள் சில இன்னும் தளத்தில் கிடக்கின்றன, போனில் அவை சரிப்படாது. தமிழில் எல்லாமே கிடைப்பதில்லை, கிடைக்காதவை ஆங்கிலம்தான். ஆனால் இழுத்துப் போடுகிற வேலைக்கு அது பெரிய தடையாக இல்லை. வீட்டில் தொடங்குகிறவர்கள் மின்சுற்றில் தொடங்குங்கள், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். அணு எட்டாம் வகுப்புக்குப் பிறகு வரட்டும்.