பச்சிளங்குழந்தைக்கு எச்.ஐ.வி. பரிசோதனை: உலர்ந்த ரத்தத் துளியா, குழாய் ரத்தமா?

எச்.ஐ.வி. உள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதங்கள்) குழந்தையின் உடலில் 18 மாதம் வரை தங்கலாம். அதனால் வழக்கமான எதிர்ப்பொருள் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் குழந்தைக்குத் தொற்று இருப்பதாக அர்த்தமில்லை. வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். வேண்டும். 4 முதல் 6 வாரத்தில் முதல் பரிசோதனை. அதற்கு ரத்தத்தை எப்படி எடுத்து அனுப்புவது?

எடுப்பது
துளி: குதிகாலில் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, ரத்தத்தை உறிஞ்சும் தாள் அட்டையிலுள்ள வட்டங்களை நிரப்ப வேண்டும்.
குழாய்: நரம்பில் ஊசி. ஒரு மாதக் குழந்தைக்கு நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. கை பழகியவர் தேவை.

அனுப்புவது
துளி: நன்றாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் உறையிலிட்டால் குளிர்பெட்டி வேண்டாம், சாதாரணத் தபாலே போதும்.
குழாய்: குளிர்ச்சி வேண்டும், நேரக்கெடு உண்டு.

துல்லியம்
தொற்று உண்டா இல்லையா என்று அறிய இரண்டும் நம்பகமானவை. சிகிச்சைக்குப் பின் வைரஸ் அளவு மிகக் குறைந்திருக்கும்போது அதை அளக்கக் குழாய் ரத்தத்தின் பிளாஸ்மாவே (அணுக்கள் நீக்கிய திரவப் பகுதி) மேல்.

ஆய்வகம் தொலைவில் இருந்தால் தயங்காமல் துளி. பெரிய மருத்துவமனையிலேயே ஆய்வகம் இருந்தால் குழாயும் சரி. ஆனால் ஈரம் காயாமல் மூடிய அட்டை வீண். மறுபடியும் குழந்தையைக் குத்த வேண்டிவரும்.

எதில் பாசிட்டிவ் வந்தாலும் அன்றே மருந்தைத் தொடங்கி, உறுதிப்படுத்த இரண்டாவது மாதிரி எடுக்க வேண்டும். சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் 2 வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள்.