பன்னிரண்டு காலங்களின் வினை அட்டவணை: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

ஆங்கில வினைச்சொற்களின் பன்னிரண்டு காலங்களையும் ஒரே தாளில் அச்சிட்ட சுவர் அட்டவணை யாழ்ப்பாண நகரத்துப் புத்தகக் கடைகளில் நெடுங்காலமாக விற்பனையாகி வருகிறது. கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் தரம் 6 தொடக்கம் சாதாரண தரம் வரையான பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நான், அதைச் சுவரில் மாட்டியும் சீ.ஆர். கொப்பிகளில் எழுதுவித்தும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒழுங்கான வினைகளை, அதாவது இறந்தகாலத்தில் ஈ, டி என்ற எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளும் வினைகளைப் பொறுத்தவரை அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அதன் அளவு. ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இற், தே என ஏழு எழுவாய்களைப் பன்னிரண்டு காலங்களோடு பெருக்கினால் 84 கட்டங்கள் வருகின்றன. புதிதாகப் பார்க்கும் பிள்ளை அங்கேயே சோர்ந்துவிடும். ஆனால் அத்தனை கட்டங்களிலும் 'வோக்' என்ற வினை எடுக்கும் வடிவங்கள் 'வோக்', 'வோக்ஸ்', 'வோக்ற்', 'வோக்கிங்' என்ற நான்கு மட்டுமே. மற்ற மாற்றங்கள் எல்லாம் துணைவினைகளின் வேலை. நடந்தேன், நடந்தாய், நடந்தான், நடந்தாள் என்று ஆளுக்கொரு விகுதி போட்டே பேசிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு, இறந்தகாலத்தில் ஏழு பேருக்கும் ஒரே 'வோக்ற்' போதும் என்பது முதலில் நம்ப முடியாத சலுகையாகத் தெரிகிறது. வினை தன் உருவத்தை மாற்றும் கட்டங்களுக்கு மட்டும் நிறப் பென்சிலால் தீட்டச் சொன்னால், சாதாரண நிகழ்கால வரிசையில் ஹீ, ஷீ, இற் என்ற மூன்றிடம் மாத்திரமே நிறம் பெறும். அந்த ஒரு 'ஸ்' தான் சாதாரண தரப் பரீட்சை வரை தவறிக்கொண்டே இருப்பது என்பது வேறு கதை.

அட்டவணையின் பெரிய குறை, அது உடன்பாட்டு வாக்கியங்களை மட்டுமே காட்டுவது. எதிர்மறைக்கும் வினாவுக்கும் இடம் விடப்படாததால், 'டிட் நொற் வோக்ற்' என்று எழுதும் பழக்கம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. 'டிட்' என்ற துணைவினை காலத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட பிறகு பின்னால் வரும் வினை வெறுமையாகவே நிற்க வேண்டும் என்பதை விதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். தமிழில் 'நடந்தவில்லை' என்று யாராவது சொல்வார்களா, 'நடக்கவில்லை' என்றுதானே சொல்கிறோம் என்று கேட்டால், சிரித்துக்கொண்டே விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டு மொழிகளின் இலக்கணமும் அப்படியே ஒன்றல்ல. ஆயினும் இந்த இடத்தில் ஒப்புமை போதுமான அளவுக்கு உதவுகிறது.

உச்சரிப்பைப் பற்றி அச்சிட்ட தாள் ஒன்றும் சொல்வதில்லை. ஈ, டி என்ற இரண்டு எழுத்துகள் ஒழுங்கான எல்லா வினைகளின் இறந்தகால வடிவத்தின் இறுதியிலும் ஒன்றுபோல நிற்பதால், பிள்ளைகள் 'வோக்கெட்', 'கிளீனெட்' என்று எல்லாவற்றையும் இழுத்து வாசிக்கிறார்கள். உண்மையில் அங்கே மூன்று ஒலிகள் உள்ளன, இதில் எங்கள் ஊர் எழுத்து வழக்கம் எதிர்பாராத வகையில் துணை செய்கிறது. கிரிக்கெற், ரிக்கற், ரொறன்ரோ என்று ஓர் ஒலிக்கு றகர ரகரங்களையும், றோட் என்று மற்ற ஒலிக்கு டகரத்தையும் எழுதுகிறவர்கள் நாங்கள். ஆகவே 'வோக்ற்', 'ஹெல்ப்ற்', 'வொஷ்ற்' என்று ஒரு நிரலும், 'கிளீன்ட்', 'பிளேய்ட்' என்று இன்னொரு நிரலும், 'வோன்ரெட்', 'நீடெட்' என்று மூன்றாம் நிரலும் தமிழிலேயே எழுதுவிக்க முடிகிறது. தொண்டையில் விரலை வைத்து வினையின் கடைசி ஒலியைச் சொல்லிப் பார்த்தால், அதிர்வு இல்லாதவை முதல் நிரலுக்கும் அதிர்பவை இரண்டாவதற்கும் போகும். ஏற்கெனவே ரி அல்லது டி ஒலியில் முடிபவை மட்டுமே தனி அசை பெற்று மூன்றாவதற்குப் போகும்.

எழுத்துக்கூட்டலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈ, டி சேரும்போது 'ஸ்ரொப்' என்பதில் பி இரட்டிப்பதும், 'ஸ்ரடி' என்பதில் வை போய் ஐ வருவதும், 'பிளே' என்பதில் வை அப்படியே நிற்பதும் சில வாரப் பயிற்சியில் படிந்துவிடுகின்றன. 'விசிற்' என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் இறுதி எழுத்து இரட்டிப்பதில்லை. 'றவல்' என்பதிலும் அழுத்தம் முதல் அசையில்தான். ஆனாலும் பிரித்தானிய முறையில் எல் இரட்டிக்கும். இலங்கையில் நாம் பின்பற்றுவது அந்த முறையையே.

எந்தக் காலத்தை எப்போது எடுப்பது என்பதுதான் கடினமான பகுதி. அதில் அட்டவணை முற்றாகக் கைவிடுகிறது. 'நேற்றுப் போயிருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம் என்பதால், 'யெஸ்ரடே' என்ற சொல்லோடு 'ஹாவ்' சேர்த்து எழுதுவது இங்கே மிகச் சாதாரணம். இதற்கு நல்லூர்த் திருவிழாவை விடப் பொருத்தமான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இருபத்தைந்து நாள் திருவிழா நடந்துகொண்டிருக்கும்போது, இதுவரை இரண்டு தரம் போய்விட்டோம் என்பதற்கு 'வீ ஹாவ் விசிற்றெட்' வரும், ஏனெனில் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. நேற்று மாலை போனோம் என்று நாளைச் சுட்டியவுடனேயே 'ஹாவ்' விலகிவிடும். தேருக்கு முன் இந்த வீதியைத் திருத்தி முடித்திருப்பார்கள் என்ற வாக்கியம், யாரும் தொடாத 'வில் ஹாவ்' வரிசைக்கும் ஒரு பயனைத் தருகிறது.

கைத்தொலைபேசிச் செயலிகள் கட்டங்களைச் சரிபார்ப்பதில் வேகமானவை. எனினும் கையால் எழுதிய கொப்பியளவுக்கு அவை மனதில் நிற்பதாகத் தெரியவில்லை. புதிதாக அட்டவணை வாங்குகிறவர்கள், 'கோ', 'ஈற்' போன்ற ஒழுங்கற்ற வினைகளை மாதிரியாக வைத்திருப்பதைத் தவிர்த்து, ஒழுங்கான ஒரு வினையில் அமைந்ததைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதிலும் ஐ, வீ இரண்டுக்கும் எதிர்காலத்தில் 'ஷல்' மட்டுமே அச்சிட்டிருந்தால், பக்கத்தில் 'வில்' என்று பேனையால் எழுதிவிடுங்கள். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது அதுதான். ஒழுங்கான வினையில் இறந்தகால வடிவமும் 'ஹாவ்' உடன் வரும் வடிவமும் ஒன்றாகவே இருப்பதால், இவை இரண்டும் வெவ்வேறு என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். ஆகையால் ஒழுங்கற்ற வினைகளின் மூன்று நிரல் பட்டியலை அடுத்த தவணையிலேயே அருகில் மாட்டிவிட வேண்டும்.