பெய்ஜிங் மருந்துக்கடையின் ‘நுரையீரல் தூய்மை’ தேநீர்

புகைமூட்டம் மிகுந்த குளிர்காலத்தில் பெய்ஜிங் மருந்துக்கடைகள் விற்கும் இந்த மூலிகைத் தேநீரில் லுவோ ஹான் குவோ எனும் இனிப்பு மிகுந்த சீனப் பழம், ஜின்யின்ஹுவா எனும் ஹனிசக்கிள் கொடியின் பூ, சீன அதிமதுரம் ஆகியவை உள்ளன. கருகிய வெல்லத்தை ஒத்த மணமும் சர்க்கரையின்றியே கிடைக்கும் இனிப்பும் வறண்ட தொண்டைக்கு உண்மையிலேயே இதமானவை. ஆனால், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் உள்ள நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை செல்பவை என்பதால், இரைப்பைக்குப் போகும் பானம் அவற்றைக் கழுவி அகற்றும் என்ற உறை வாசகத்தை ஏற்க இயலவில்லை. இத்தகைய மூலிகைகள் அழற்சியைத் தணிப்பதாகக் கூறும் சீன ஆய்வுகள் பலவும் எலிகளிலும் வளர்ப்புச் செல்களிலும் நடந்தவை. துகளைத் தடுக்க விரும்புவோர் என்95 முகக்கவசத்துக்கே செலவிடலாம். சுவைக்காக வாங்குவோரும், அதிமதுரம் மிகுந்தால் இரத்த அழுத்தம் உயரக்கூடும் என்பதால், நாள்தோறும் அருந்தாதிருப்பது நல்லது. உறையிலோ அந்த எச்சரிக்கை இல்லை.