கொழும்புக் கோழிக்கு லைட் எதற்கு? டைமர் பல்ப், சோலார், சும்மா விடுதல்: என் கூட்டுக் கணக்கு

லண்டனில் இருக்கும் சின்னண்ணாவுக்கு நவம்பர் பிறந்தால் ஒரே புலம்பல். ஐந்து கோழிக்கும் தீன் போகிறது, முட்டை வரவில்லை. அங்கே டிசம்பர் கடைசியில் பகல் 8 மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஜூனில் பதினாறரை. போன குளிர்காலத்தில் கூட்டுக்குள் ஒரு பல்ப் மாட்டி வெளிச்சத்தை 14 மணித்தியாலம் ஆக்கினார், சில வாரத்தில் முட்டை திரும்பியது. "நீயும் போட்டுப் பார் தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொழும்பு மட்டக்குளியில் ஏது குளிர்காலம்?

பிறகு கணக்குப் போட்டேன். கொழும்பில் டிசம்பர் பகல் ஏறக்குறைய பன்னிரண்டுக்குக் கால் மணித்தியாலம் குறைவு, ஜூன் பகல் பன்னிரண்டரை. வருடத்துக்கு முக்கால் மணித்தியாலம்தான் ஏற்ற இறக்கம். ஆனால் முட்டைக்கென்றே வளர்க்கும் லேயர் கோழி ஒழுங்காக இட 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் வேண்டும். அப்படியென்றால் சின்னண்ணாவுக்கு நாலு மாதப் பெரும் பஞ்சம், எங்களுக்குப் பன்னிரண்டு மாதமும் சின்னப் பற்றாக்குறை.

என் கூட்டில் ஷேவர் பிரவுண் என்ற லேயர் இனத்தில் நாலு, தனியாக அம்மாவின் இரண்டு ஊர்க்கோழி. மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்: சும்மா விடுவது, சோலார் லைட், டைமரில் ஓடும் எல்ஈடி பல்ப். இப்போது மூன்றாவதில்தான் நிற்கிறேன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் சாயும், தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

சும்மா விடுவதில் குறை சொல்ல அதிகம் இல்லை. செலவில்லை, வயர் இல்லை. நாலு கோழிக்கு நாளுக்கு இரண்டு, சில நாள் மூன்று முட்டை. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு அது போதுமென்றால் இந்த அலசலே தேவையில்லை. "ஊரில கோழிக்கு ஆர் லைட் போட்டது?" என்று அம்மா கேட்டார். அவரது கோழிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைகிடக்கப் போய்விடும். அது உடம்புக்குள் இருக்கும் தாய்மைக் குணம், பல்ப்பைக் காட்டி எழுப்ப முடியாது. ஊர்க்கோழி மட்டும் வளர்க்கிறவர்கள் காசைத் தீனுக்குச் செலவழிக்கலாம்.

சோலார் லைட் 2022இன் மிச்சம். நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன அந்த மார்ச் கடைசியில் மச்சான் வாங்கி வைத்தது, பிறகு தோட்டத்தில் சும்மா கிடந்தது. காசில்லாத வேலைதானே என்று கூட்டு முகட்டில் கட்டினேன். பொழுதுபட்டதும் தானே எரியும், பேட்டரி தீரும்வரை எரியும். அங்கேதான் வினை. வெயில் நாளில் இரவு பத்தரை வரை, மழை மூடிய நாளில் எட்டு மணிக்கே அணைந்துவிடும். கோழிகள் கீழே நின்று தீன் கொத்திக்கொண்டிருக்கும்போது பட்டென்று இருட்டினால், இருட்டில் கண் தெரியாத சீவன்கள் பரணைத் தேடி ஒன்றையொன்று மோதும். பக்கத்து வீட்டு அக்காவின் படுக்கையறை ஜன்னலும் அந்தப் பக்கம்தான். இரண்டு கிழமையில் கழற்றினேன். விடியப்புறம் எரியும்படி டைமர் வைத்த சோலாரும் கடைகளில் இருக்கிறது. நான் பாவித்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு இல்லை.

டைமர் பல்ப்பில் வெளிச்சத்தைக் காலைப் பக்கம் சேர்க்கலாம். என் கூட்டில் 4.15க்கு எரிந்து 6.30க்கு அணையும். அணையும்போது சூரியன் வந்திருக்கும், கோழிக்கு வித்தியாசமே தெரியாது. 5 வாட், மஞ்சள் கலந்த வெளிச்சம். பரணில் பத்திரிகை வாசிக்கலாம் என்ற அளவு போதும். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை; மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குள் போகும் வெளிச்சமும் முட்டைச் சுரப்பிகளைத் தட்டி எழுப்பும். சிவப்பு, மஞ்சள் சாயல் நன்றாக ஊடுருவும். கரண்ட் செலவு மாதத்துக்கு அரை யூனிட்கூட வராது. பழைய குண்டு பல்ப் மட்டும் வேண்டாம். கொழும்புக் கூட்டுக்குச் சூடு வேறு தேவையா?

நான் எதிர்பாராத லாபம் ஒன்று இந்தச் சூட்டில்தான் இருந்தது. 30 பாகைக்கு மேல் போனால் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீன் குறையும், ஓடு மெலியும். நாலு மணிக் குளிர்ச்சியில் வெளிச்சம் கிடைத்தால் வெயில் ஏறுமுன் பாதிச் சாப்பாட்டை முடித்துவிடும். பங்குனி, சித்திரை வெக்கையில் மெல்லிய ஓட்டு முட்டை எனக்குக் குறைந்தது. ஓடு தடிக்கப் பின்னேரம் சிப்பித்தூள் வைக்கவும் அப்போதுதான் தொடங்கியிருந்தேன், ஆகவே பாதிப் புகழ் அதற்கு.

இவ்வளவும் ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகிறது: நேரம் பிசகக் கூடாது. முதலில் வாங்கியது புறக்கோட்டையில் கிடைக்கும் சக்கர டைமர். சுற்றிவரப் பல், வேண்டிய பல்லைக் கீழே தள்ளினால் சரி. மலிவு, கிழவியும் பழகலாம். ஆனால் அந்தச் சக்கரம் சுற்றுவதே வீட்டுக் கரண்டில்தான். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிறு, சக்கரமும் நின்றது. அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியால வெட்டு, அப்போதும் நின்றது. கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து சாவகாசமாகச் சுற்றத் தொடங்கியது. எட்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிந்திவிட்டது. விடியப்புறம் இருட்டு, உச்சி வெயிலில் பல்ப். வெயிலுக்குள் எரியும் 5 வாட் யார் கண்ணில் படும்? பத்து நாள் கழித்துத்தான் கண்டேன். மூன்று நாலு வந்த முட்டை ஒன்றாகியிருந்தது, ஒரு கோழி இறகு கொட்டத் தொடங்கியிருந்தது.

வெளிச்சம் கூடினால் முட்டைக் காலம், குறைந்தால் ஓய்வுக் காலம்: கோழி உடம்புக்குத் தெரிந்த பஞ்சாங்கம் அவ்வளவுதான். இரண்டு மணித்தியாலத்தைக் கொடுத்துவிட்டுத் திடீரென்று பறிப்பதைவிடக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். அவற்றுக்கு அப்போது ஒன்றரை வயது, இறகு கொட்டும் பருவமும்தான். பழியை முழுக்க டைமர் தலையில் போட மாட்டேன்.

இப்போது இருப்பது உள்ளே குட்டி பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர். கரண்ட் போனாலும் மணி ஓடும். பட்டன் அமத்திச் செட் பண்ண ஒரு பின்னேரம் போனது, விலையும் கூட, ஆனால் வாங்குவதென்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரேயடியாக 4.15க்குப் போக வேண்டாம், கிழமைக்குக் கால் மணித்தியாலமாக முன்னுக்கு நகர்த்துங்கள்.

லைட் போட்டால் கோழி சீக்கிரம் தேய்ந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். நாலு கோழி, இரண்டு வருடம். அதை வைத்து நான் சொல்லக்கூடியது, இறகு கொட்டிய கோழி ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப இட்டது என்பது மட்டும்தான்.

அடுத்த மாதம் 12 வாரக் குஞ்சு நாலு வருகிறது. 18 வாரமாவது ஆகுமுன் கூடுதல் வெளிச்சம் பட்டால் உடம்பு முற்றாமலே சின்ன முட்டை இடத் தொடங்கும், குதம் வெளித்தள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் குஞ்சுகளை விடப்போகும் பின்பக்கக் கூட்டுக்கும் பல்ப்புக்கும் நடுவில் பழைய தகரம் ஒன்றை அடிக்க வேண்டும். அம்மாவின் கோழிகளோடு விட்டால் அந்த வேலை மிச்சம், ஆனால் கறுப்பி கொத்திக் கலைத்துவிடுவாள்.