வயர் இடம் மாறினதுக்கு 148,000 ரூபா: ஒரு அவுட்டோரில் மூன்று அறை ஏசி ஓட்டுகிற ஆக்கள் கவனம்

148,000 ரூபா. நேற்றுப் பின்னேரம் ஒரு ஸ்குரூ டிரைவரோடு அரை மணித்தியாலத்தில் தீர்ந்த பழுதுக்கு ஒன்றரை மாதமாகக் கட்டின காசு. முதலில் குளிர்விக்கிற காஸுக்கு 28,000, பிறகு எலக்ட்ரோனிக் போர்ட்டுக்கு 92,000, அதுக்குப் பிறகு திரும்பவும் காஸுக்கு 28,000. கடைப் பெயரைப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏசி விற்று, தாங்களே பூட்டி, சர்வீசும் செய்கிற கடை ஒன்று. ஒரு அவுட்டோரில், அதாவது வெளியே பூட்டுகிற ஒரே பெட்டியில், இரண்டு மூன்று அறைகளை ஓட்டுகிற ஏசி வைத்திருந்தால் முழுக்க வாசியுங்கோ. அறைக்கு ஒரு அவுட்டோர் வைத்திருக்கிற ஆக்களுக்கு இந்தப் பழுது வராது.

வீடு கோண்டாவிலில். கீழே அம்மாவின் அறை, மேல்மாடியில் ஒரு அறை, ஹோல், மூன்றுக்கும் வெளிச்சுவரில் ஒரே அவுட்டோர். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வர முதல் சுவருக்குப் பெயின்ற் அடிக்க வேண்டியிருந்தது. அவுட்டோரைக் கழற்றித் திரும்பப் பூட்டினது இதே கடைதான், இதை மறக்காதேங்கோ. திருவிழா 25 நாளும் மூன்று அறையும் ஓடினது, ஒரு குறையும் இல்லை. சனம் பிளேன் ஏறின பிறகுதான் அம்மாவின் அறையில் வெறும் காற்று வரத் தொடங்கினது. அதுவும் எப்போதும் இல்லை. கிழமை நாளில் வெறும் காற்று, சனி ஞாயிறில் நல்ல குளிர். மேலறையில் ஏசி நிப்பாட்டியே கிடந்தது. ஆனால் அதன் கீழே கட்டில் நனைந்திருந்தது.

இந்த இரண்டையும் கடையில் சொன்னது. எழுதிக்கூட வைக்கவில்லை.

முதல் நாள் வந்த பெடியன் அம்மாவின் ஏசியை மட்டும் போட்டு, வெளியே காஸ் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பூட்டிப் பார்த்தான். முள்ளு கீழே கிடந்தது. "காஸ் இல்லை அம்மா." காஸ் போட்டான். பிறகு, "எல்லாத்தையும் போட்டுத்தான் செக் பண்ண வேணும்" என்று மூன்று அறையையும் போட்டான். பத்து நிமிசத்தில் அம்மாவின் அறை குளிர்ந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டு ஏசிக்குக் கீழே கையைப் பிடிக்கச் சொல்லி, "பாத்தீங்களே, காஸ்தான்" என்றான். அம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவனுக்குத் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்து, 28,000 ரூபாயும் எண்ணிக் கொடுத்தா. அவன் போனதும் கரண்ட் பில்லுக்குப் பயந்து மற்ற இரண்டையும் நிப்பாட்டினா. அன்றிரவே வெறும் காற்று.

இனி நடந்தது என்ன என்று சொல்கிறேன். கடைக்காரர் படித்துப் பூட்டியிருக்க வேண்டிய விசயம் இது. இந்த வகை அவுட்டோருக்குள் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி எலக்ட்ரோனிக் வால்வு இருக்கும். வெளியே குழாய் பூட்டுகிற இடத்திலும், வயர் பூட்டுகிற கட்டையிலும் ஏ, பீ, சீ என்று ஒரே எழுத்து அடித்திருக்கும். ஏ கட்டையில் சிக்னல் வந்தால் போர்ட் ஏ வால்வைத் திறக்கும். அந்தக் குழாய் எந்த அறைக்குப் போகிறது என்று போர்ட்டுக்குத் தெரியாது. திரும்பப் பூட்டினபோது குழாய்களைச் சரியாகப் பூட்டிவிட்டு, அம்மாவின் அறை வயரையும் மேலறை வயரையும் மாறிக் கொழுவிவிட்டார்கள். கழற்றும்போது வயரில் ஒரு எழுத்து எழுதி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அம்மா ரிமோட்டை அமத்தக் காஸ் போனது மேலறைக்கு. அங்கே விசிறி ஓடாததால் கொயில் (ஏசிக்குள் குளிர்கிற குழாய்ச் சுருள்) வெள்ளையாக உறைந்து, உருகுகிற தண்ணி தட்டில் அடங்காமல் கட்டிலில் சொட்டினது. சனி ஞாயிறில் சித்தி வந்து மேலே படுக்கிறவ. அப்போது இரண்டு வால்வும் திறந்திருக்கும், இரண்டு அறையும் குளிரும். திருவிழாக் காலத்தில் பழுது தெரியாததும் இதனால்தான்.

கேஜ் முள்ளு விழுந்ததுக்கும் காரணம் இதுதான். காற்று ஓடாத கொயிலில் காஸ் ஆவியாகப் போதிய சூடு கிடையாது, அழுத்தம் இறங்கிவிடும். காஸ் முழுதாக இருந்தாலும் குறைவு மாதிரிக் காட்டும். ஆவியாகாத திரவம் அப்படியே கொம்பிரசருக்குத் திரும்பும். கனநாள் இப்படி ஓடினால் கொம்பிரசர் போகும். அதுக்கு மேலே இவர்கள் இரண்டு தடவை காஸ் ஏற்றியிருக்கிறார்கள்! தராசும் கொண்டு வரவில்லை. "எத்தினை கிராம் போட்டனீங்கள்?" என்று கேட்டதுக்கு, "கேஜைப் பாத்துத்தான் போட்டது அண்ணை" என்று பதில். கொம்பிரசர் வேகம் கூடிக் குறைகிற இன்வெர்ட்டர் ஏசியில் அந்த வேகத்தோடு அழுத்தமும் ஏறி இறங்கும். முள்ளைப் பார்த்துக் காஸ் போட ஏலாது. இருந்ததை முழுக்க எடுத்து, அவுட்டோர் லேபலில் உள்ள எடைக்கு நிறுத்துத்தான் போட வேண்டும். குழாய் நீளம் கூடினால் எத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்பதும் மனுவலில் இருக்கும்.

போன் எடுத்தால் வந்த பதில்கள்: "இன்வெர்ட்டர் எண்டா மெல்லத்தான் குளிரும், ரெண்டு நாள் பாருங்கோ." "உங்கட பக்கம் கரண்ட் சரியில்லை." (மீட்டரில் 231 வோல்ற், சரியாகத்தான் காட்டினது.) "மேலறைத் தண்ணி வேற பிரச்சினை, டிரெயின் குழாய் அடைச்சிருக்கும்." பிறகு போர்ட் பழுது என்றார்கள். கொழும்பில் இருந்து வர 12 நாள், 92,000 ரூபா. புதுப் போர்ட்டைப் போட்டு, பழைய பிழையான வயரை அதே இடத்தில் கொழுவி, மூன்றையும் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள். பழைய போர்ட்டைக் கேட்டால், "அது ரிட்டேர்ன் அனுப்பியாச்சு." மூன்றாம் தரம் வந்தும் திரும்பக் காஸ்தான். மொத்தம் 148,000. இப்போது கேட்டால், "முதலாளி கொழும்புக்குப் போட்டார்."

நேற்று அம்மாவின் ஏசியை மட்டும் போட்டுவிட்டு அவுட்டோருக்குப் பக்கத்தில் கால் மணித்தியாலம் நின்றால் கண்ணுக்கே தெரிந்தது. மேலறைக்குப் போகிற மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளை உறைபனி. அம்மாவின் அறைக் குழாய் நட்டு வெயிலில் சுட்டுக்கொண்டு இருந்தது. பிரேக்கரை நிப்பாட்டி, போர்ட்டின் கப்பாசிற்றரில் தேங்கி நிற்கிற மின் இறங்கப் பத்து நிமிசம் விட்டு, மீட்டரால் பார்த்து, இரண்டு கட்டையிலும் 1, 2, 3 வயர்களை எண் மாறாமல் இடம் மாற்றினதுதான் வேலை. பிறகு அம்மாவின் அறையில் உள்ளே இழுக்கிற காற்று 30 பாகை, வெளியே வருகிற காற்று 18.

விரிவாக எழுத நினைத்தேன், கோவத்தில் ஏலவில்லை. ஏசி சரியா என்று பார்க்கும்போது எல்லா அறையையும் ஒன்றாகப் போட விடாதேங்கோ; ஒவ்வொன்றாகத் தனிய ஓட்டி, மற்ற அறைகளில் கொயில் குளிர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கோ. விட்டு விட்டு வருகிற பழுதுக்கு எடுத்தவுடனே காஸ் என்று சொல்கிற ஆளை நம்பாதேங்கோ. காஸ் ஒழுகினால் குளிர் நாளுக்கு நாள் குறையும், சனி ஞாயிறில் மட்டும் திரும்பி வராது. ஒரு அறை ரிமோட்டில் தவறுதலாக ஹீற் மோட் (சூடாக்குகிற முறை) அமத்தியிருந்தாலும் மற்ற அறை லைற் மின்னிக்கொண்டு சும்மா நிற்கும், முதலில் ரிமோட்டுகளைப் பாருங்கோ. சில அவுட்டோர்களில் வயர் மாறியிருக்கிறதா என்று தானே சோதிக்கிற பொத்தானும் உண்டு. மாற்றின பழைய சாமானை வாங்காமல் காசு கொடாதேங்கோ. வயர் கட்டையைத் தெரியாத ஆள் தொட வேண்டாம்.

கூடப் போன காஸை எடுத்து நிறுத்துப் போட வேறொரு ஆள் சனிக்கிழமை வருகிறார். அந்தச் செலவு இந்த 148,000க்குள் இல்லை.