ஆபீஸ் டிரைவை வீட்டிலிருந்து திறக்க வயர்கார்டு: நாலரை ஸ்டார்

நாகர்கோவில் ஆபீஸ் சர்வரின் ஷேர்டு டிரைவை மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ வீட்டிலிருந்து திறக்க வயர்கார்டு அருமையான விபிஎன் (இன்டர்நெட் வழியே ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்). இலவசம், வேகமும் உண்டு. அரை ஸ்டார் குறைவது, 'கனெக்ட் ஆயிருச்சு, டிரைவ் மட்டும் வரல' என்ற தொல்லைக்காக.

சர்வர் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயருக்குரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவையில். வயர்கார்டின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் ஆபீஸ் டிஎன்எஸ் முகவரியைச் சேருங்கள். ஐபி முகவரி போட்டும் திறக்காவிட்டால், பெரும்பாலும் இரண்டு இடத்து ரவுட்டரும் ஒரே 192.168.1 ஐபி வரிசையில் இருக்கும். கம்ப்யூட்டர் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும்! ஆபீஸை 10.20.30 வரிசைக்கு மாற்றுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வு. கான்ஃபிக் ஃபைலில் எந்த முகவரிகள் விபிஎன் வழியே போக வேண்டும் என்று சொல்லும் அலவ்டு ஐபி (AllowedIPs) வரியையும் கூடவே திருத்துங்கள். சர்வரின் ஃபயர்வாலில் ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் விபிஎன் முகவரிகளுக்கும் திறந்திருக்க வேண்டும். விண்டோஸ் பெரும்பாலும் உள் நெட்வொர்க்குக்கு மட்டுமே அனுமதிக்கும்.

ஃபோல்டர் தெரிந்து, பெரிய ஃபைல் மட்டும் தொங்கினால், வயர்கார்டின் எம்டியூவை (ஒரு முறையில் அனுப்பும் டேட்டா பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 1420லிருந்து 1380க்குக் குறைத்துப் பாருங்கள்.