வெஸ்டாவைத் தேடிப் பார்த்தபோது: நாசாவின் சிறுவான்பொருள் தரவுத்தளம்

நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் கட்டணமின்றி வழங்கும் சிறுவான்பொருள் (சிறுகோள்கள், வால்வெள்ளிகள் போன்றவை) தரவுத்தளத்தை மதிப்பிட, எனக்கு மிகவும் பிடித்த சிறுகோளான வெஸ்டாவையே எடுத்துக்கொண்டேன். தேடல் கட்டத்தில் அதன் வரிசை எண்ணான 4 என்று இட்டாலே போதும்.

முதலில் வருவது சுற்றுப்பாதை. சூரியனிலிருந்து சராசரியாக 2.36 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) தொலைவில், பூமியின் சுற்றுப்பாதைத் தளத்திற்கு ஏறத்தாழ 7 பாகை சாய்ந்து, 3.63 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெஸ்டா சுற்றிவருகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அதன் பிழை வரம்பையும் அச்சிட்டிருப்பதே இச்சேவையின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம். அளவீடு எவ்வளவு உறுதியானது என்பதைப் பயனரிடம் மறைக்காமல் சொல்வது அறிவியலுக்குரிய நேர்மை. பாதையை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கும் வசதி மாணவர்களுக்குப் பெரிதும் உதவும்.

இயற்பியல் பண்புகளின் அட்டவணை சுருக்கமானது: விட்டம் சுமார் 525 கிலோமீட்டர், தற்சுழற்சி 5.34 மணி நேரம், விழும் ஒளியில் ஏறக்குறைய 40 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் பொலிவான மேற்பரப்பு. 2011 முதல் 2012 வரை நாசாவின் டான் விண்கலம் இதை அருகிருந்தே சுற்றி ஆராய்ந்ததால் இவ்விவரங்கள் செறிவாக உள்ளன; பெரும்பாலான சிறிய சிறுகோள்களுக்கோ பொலிவெண்ணை (பொலிவைக் குறிக்கும் எண்) தவிர வேறெதுவும் இருப்பதில்லை.

கண்டுபிடிப்பு விவரமும் உண்டு. 1807 மார்ச் 29 அன்று இதைக் கண்ட ஜெர்மானிய வானியலாளர் ஓல்பர்ஸ், பெயரிடும் உரிமையைக் கணிதமேதை காஸிடம் ஒப்படைக்க, அவர் ரோமானியரின் அடுப்புத் தெய்வத்தின் பெயரைத் தேர்ந்தார். கலைச்சொற்களை ஓரளவு அறிந்தவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.